செம்புக் குழாயும் ஆயாவின் ஸ்கேனும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. இந்தக் கடிதத்தோடு வரும் பொட்டலத்தில் இரண்டு முழ நீளச் செம்புக் குழாய் இருக்கும். ஏசி மெக்கானிக் வெட்டிப் போட்ட துண்டு. கூடவே குழாய்க்குள் இறுகாமல் நுழையும் குட்டிக் காந்தம் ஒன்று, அதே பருமனில் ஓர் இரும்பு நட்டு. மேலே படிப்பதற்கு முன் குழாயைச் செங்குத்தாகப் பிடித்து நட்டைப் போடு. டக்கென்று விழும். பிறகு காந்தத்தைப் போடு.

போட்டாயா? செம்பில் காந்தம் ஒட்டாது. வேண்டுமானால் வெளிப்பக்கம் வைத்துப் பார். ஆனாலும் உள்ளே விழும்போது யாரோ கையில் தாங்கி இறக்குவதுபோல் மெல்ல மெல்ல வருகிறது. போன வாரம் நீ போனில் கேட்டதற்குப் பதில் இங்கேதான் தொடங்குகிறது.

ஆயாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்த அறையின் கதவில் “காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கிறது” என்று எழுதியிருந்ததாம். ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும்கூடவா, கரண்ட் பில் எவ்வளவு வரும் என்று கேட்டாய். கூட வந்த பெரியவர்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி அது. அந்தக் காந்தச் சுருளில் ஓடும் மின்னோட்டத்துக்குப் பில்லே கிடையாது. (சுருளைக் குளிரவைக்கும் கருவிக்கு உண்டு, அது வேறு கணக்கு.)

முதலில் குழாய். காந்தம் நகர நகர அதைச் சுற்றியுள்ள செம்பில் மின்னோட்டம் சுழல்கிறது. 1831-இல் ஃபாரடே கண்ட விதி. அந்த ஓட்டம் தானும் ஒரு காந்தமாகி, விழுகிற காந்தத்தை எதிர்த்துப் பிடிக்கிறது. ஆனால் அதற்கு ஆயுசு குறைவு. செம்பின் அணுக்கள் சூட்டில் ஓயாமல் அதிர்கின்றன. எலக்ட்ரான்கள் அந்த அதிர்வில் இடறி இடறிச் சிதறுகின்றன. ஓட்டம் பிறந்த வேகத்திலேயே தேய்ந்து வெப்பமாகிவிடுகிறது. இதுதான் மின்தடை. தடை மட்டும் இல்லையென்றால் காந்தம் குழாயின் வாயிலேயே அந்தரத்தில் மிதந்து நின்றிருக்கும்.

ஸ்கேன் உருளைக்குள் அந்தத் தடை இல்லை. அங்கே சுற்றியிருப்பது நையோபியம்-டைட்டானியம் கம்பி. அதை −269 டிகிரியில் இருக்கும் திரவ ஹீலியம் குளிரவைக்கிறது. அந்தக் குளிரில் தடை குறைவதில்லை, அற்றே போகிறது. மீக்கடத்தி என்பது இதைத்தான். இயந்திரத்தை நிறுவும்போது மின்னோட்டத்தை ஏற்றி, சுருளின் இரண்டு முனைகளையும் மீக்கடத்தியாலேயே சேர்த்துவிட்டு, மின்சாரம் ஊட்டிய கருவியைத் துண்டித்துவிடுகிறார்கள். அன்று ஏறிய ஓட்டம்தான் ஆயா படுத்திருந்தபோதும் சுற்றிக்கொண்டிருந்தது. 1963-இல் ஃபைல், மில்ஸ் என்ற இருவர் இப்படியொரு சுருளை அளந்து பார்த்து, ஓட்டம் தேய்வதற்கு ஒரு லட்சம் ஆண்டாவது ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஸ்கேனில் வழக்கமாக வரும் 1.5 டெஸ்லா காந்தத்தின் வலு, தாத்தாவின் படகுக் காம்பஸைத் திருப்புகிற நிலக்காந்தத்தைப்போல் ஏறத்தாழ 37,000 மடங்கு. ஆயாவின் தாலிச்சரடில் இருந்த சேஃப்டி பின்களை நர்ஸ் ஒவ்வொன்றாகக் கழற்றி வாங்கியது சும்மா இல்லை.

1911-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஆனஸ் பாதரசத்தைக் குளிரவைத்தபோதுதான் தடை இப்படி அற்றுப்போவது முதலில் தெரிந்தது. ஏன் என்று விளங்க 1957 வரை ஆனது. பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் விளக்கினார்கள்.

மாசி மகத்தன்று நம் வைத்திக்குப்பம் கடற்கரையை நினைத்துக்கொள். கூட்டத்துக்குள் நீ தனியாகத் தண்ணீர்ப்பக்கம் போகப் பார்த்தால் நாலடிக்கு ஒருவர்மேல் இடிப்பாய். சாதாரண உலோகத்தில் எலக்ட்ரானின் பாடு அதுதான். இப்போது தீர்த்தவாரிக்குச் சாமியைத் தோளில் தூக்கி வருகிறவர்களைப் பார். எத்தனையோ தோள், ஒரே நடை. ஒருவருக்குக் கால் இடறினாலும் அவர் மட்டும் நின்றுவிட முடியாது. மற்றவர்களின் நடை அவரையும் கொண்டுபோகும். மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் அப்படி ஒரே நடைக்கு வருகின்றன. அவை ஒன்றையொன்று தள்ளுகிற இனம்தான். ஆனால் ஓர் எலக்ட்ரான் கடந்துபோகும்போது சுற்றியுள்ள நேர்மின் அயனிகள் அதன் பக்கம் கொஞ்சம் சாய்கின்றன. அவை கனமானவை, நிமிர நேரமாகும். அதற்குள் அந்தச் சாய்வு இன்னோர் எலக்ட்ரானை இழுக்கிறது. இப்படி உண்டாகும் ஜோடிகள் கோடிகோடியாக ஒன்றுக்குள் ஒன்று பின்னி ஒரே அலையாகிவிடுகின்றன. சாமி தூக்குகிறவர்களை ஒன்றாக நடக்கவைப்பது பழக்கம். இவற்றை ஒன்றாக வைத்திருப்பது விதி. ஜோடியைப் பிரிக்கக் குறைந்தபட்ச ஆற்றல் ஒன்று வேண்டும். அந்தக் கடுங்குளிரில் அணுக்களின் அதிர்வுக்கு அவ்வளவு வலு கிடையாது.

குவாண்டம் என்றால் அணுவுக்குள் நடக்கிற சங்கதி என்றுதான் உன் பாடப்புத்தகம் பழக்கியிருக்கும். ஆயாவைச் சுற்றியிருந்தது, ஆள் உள்ளே போய்ப் படுக்கும் அளவுக்குப் பெரிய குவாண்டம். நான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று இத்தனை நாள் வைத்திருந்தது இதைத்தான்.

அது அலைதான் என்பதற்கு அத்தாட்சியும் உண்டு. சிக்குக் கோலத்தின் இழை சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேர வேண்டும் அல்லவா? மீக்கடத்தி வளையத்தைச் சுற்றும் அலையும் அப்படித் தன்னோடு வந்து பொருந்த வேண்டும். ஆகவே வளையத்துக்குள் சிக்கிய காந்தப்பாயம் (ஊடே செல்லும் காந்தத்தின் மொத்த அளவு) ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்படியாகத்தான் இருக்க முடியும். ஒன்றரை என்பது இல்லை. தலைமுடி அளவு விட்டமுள்ள வளையத்தை வடக்கு பார்த்து வைத்தால், நம் ஊர் நிலக்காந்தத்துக்கு எழுபது எண்பது படி வரும். 1961-இல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் தனித்தனியே அளந்தபோது, படியின் உயரம் ஒற்றை எலக்ட்ரானுக்கு வர வேண்டியதில் சரிபாதியாக இருந்தது. ஓடுவது ஜோடி என்பது அதில் தெரிந்துபோயிற்று.

இந்தப் படிகளின் நுணுக்கத்தைக் கொண்டு வேலை செய்வதுதான் ஸ்குவிட் என்னும் உணரி. நாம் சென்னைக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கல்பாக்கம் வருமே, அங்கே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இதைச் செய்திருக்கிறார்கள். வெளிக் காந்தம் நுழையாத அறையில் ஒருவரைப் படுக்கவைத்து, உடம்பைத் தொடாமலே இதயத்தின் காந்தத்தை அளக்கிறார்கள். அது நிலக்காந்தத்தில் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மூளையின் காந்தம் அதைவிடவும் சிறியது, அதையும் பிடிக்கிறார்கள். அந்தச் சாலையில் எத்தனை தடவை பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போயிருக்கிறோம்!

உன் கையிலிருக்கும் செம்பு மட்டும், எவ்வளவு குளிரவைத்தும், இதுவரை மீக்கடத்தியானதில்லை. எலக்ட்ரானை இடறவைக்கும் அதே அதிர்வுதான் ஜோடியையும் சேர்க்கிறது. செம்பில் இடறல் குறைவு, அதனால் பிணைப்பும் குறைவு. ஆனால் செம்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்த சில பீங்கான் பொருள்கள் −180 டிகிரியிலேயே மீக்கடத்தியாகின்றன. 1986-இல் பெட்னோர்ஸும் முல்லரும் அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்தபோது உலகமே திகைத்தது. அங்கே ஜோடி சேர்ப்பது எது? 1987-இல் அதற்கொரு புதிய வழியை ஆண்டர்சன் என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து எழுதியவர்களில் ஒருவர் கணபதி பாஸ்கரன், நம் தமிழர், சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் இருந்தவர். எல்லோரும் ஒப்புக்கொண்ட பதில் இன்றுவரை இல்லை. நீ கல்லூரிக்குப் போகும்போதும் அந்தக் கேள்வி மிச்சம் இருக்கலாம்.

இப்போதைக்கு ஒரு வேலை. தாத்தாவின் மீன் ஐஸ் பெட்டியில் குழாயை அரைமணி நேரம் புதைத்து வை. வெளியே எடுத்து, உள்ளே ஈரம் போகத் துணியை விட்டு இழுத்துத் துடைத்து, சூடேறுவதற்குள் காந்தத்தைப் போடு. 30 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்கு வரும்போது செம்பின் தடை சுமார் ஒன்பதில் ஒரு பங்கு குறையும். காந்தம் ஏறத்தாழ அந்த அளவுக்கு இன்னும் தாமதமாக இறங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாது, அம்மாவின் போனில் வீடியோ எடுத்து எண்ணு. குளிர்ந்த குழாயில் பத்துத் தடவை, சாதாரணமாகப் பத்துத் தடவை. இருபது எண்களையும் எழுதி அனுப்பு. சரியாக வராததையும் அடிக்காமல் எழுது.

அன்புடன்,
மாமா