தண்டுவடம் முடியும் இடம்

உடற்கூற்று நூல் தமிழில் உரைத்தற்கு அரிது என்பாரும் உளர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே அதனைத் தமிழில் கற்பித்தார். அவ்வழி நின்று, தண்டுவடம் எவ்விடத்து முடிகின்றது என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதுகெலும்பு வேறு; தண்டுவடம் வேறு. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என எலும்புகள் அடுக்கப்பட்டு, அவற்றின்கீழ்த் திருவெலும்பும் வாலெலும்பும் அமைந்துள்ளன. இவ்வடுக்கின் குழாயுள் மூளையினின்று இறங்கும் நரம்புத் திரளே தண்டுவடம். கருவின் மூன்றாந் திங்களில் அது குழாயின் அடிவரை நிறைந்திருக்கும். பின்னர் எலும்பு விரைந்து வளர, வடம் பின்தங்கும். ஆயினும் நரம்புகள் தத்தம் பழைய வாயில்களையே நாடவேண்டும். ஆதலின், தஞ்சை நாட்டு வாய்க்கால் கடைமடை வயலைத் தேடி ஓடுமாறு போல, அவை வடத்தின் முனைக்குக் கீழும் நெடுக இறங்குகின்றன. இக்கற்றையைக் குதிரைவால் என்பர்.

வளர்ந்தோரிடத்து வடம் பெரும்பாலும் இடுப்பின் முதலிரண்டு எலும்புகளை ஒட்டி முடியும். எனினும் எல்லார்க்கும் அஃது ஒன்றன்று. 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வு, காந்தப் படத்தால் 504 பேரை நோக்கியது. சராசரி முடிவிடம் இடுப்பின் முதல் எலும்பின் கீழ்ப்பகுதி. மிக மேலானது மார்பின் 12ஆம் எலும்பின் நடு. மிகத் தாழ்ந்தது இடுப்பின் மூன்றாம் எலும்பின் மேற்பகுதி. குழந்தைகட்கோ வடம் பின்னும் தாழ்ந்து நிற்றல் இயல்பு.

இவ்வேறுபாட்டால் விளைவது யாது? 1891இல் ஜெர்மானிய வைத்தியர் குவிங்கே, முதுகில் ஊசி செலுத்தி நீரெடுக்கும் முறையை வெளியிட்டார். இன்று மகப்பேற்று அறுவைக்கு உணர்வு நீக்கவும் அவ்வழியே மருந்து செலுத்துகின்றனர். ஊசி வடத்தைத் தைப்பின் கால்கள் வலுவிழத்தல் கூடும். ஆகவே இடுப்பின் மூன்றாம் எலும்புக்குக் கீழேயே செலுத்துவர். அங்குள்ள நரம்புகள் நீரில் மிதப்பன, பெரும்பாலும் விலகி வழிவிடும். மேலும், எலும்பைத் தடவி எண்ணுங்கால் ஓரெண் தவறுதலும் உண்டு. அதற்கும் இடம் விட்டே விதி வகுத்தனர்.

முதுகில் ஊசி என்றவுடன் கால் விளங்காதோ என்று அஞ்சும் தாய்மார் நம் ஊர்களில் பலர். அவர்க்கு நாம் கூறத்தக்கது இதுவே: இவ்விதி சராசரி மனிதனை நோக்கி அமைந்ததன்று. தலைமடையை மட்டும் கண்டு நீர் பங்கிடின் கடைமடை வாடும் என்பதைக் காவிரி நாட்டார் அறிவர். நூறு பேரில் ஒருவர்க்கு வடம் தாழ்ந்திருப்பினும் அவ்வொருவரும் காக்கப்படவேண்டும் என்பதே இவ்விதியின் கருத்து.