தகரக் கூரையும் விதைக் கிழங்கும்



தை, மாசி மாதங்களில் நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில் விடியற்காலையில் தகரக் கூரையிலிருந்து பரணில் நீர் சொட்டுவதைக் காண்பீர்கள். கூரை ஒழுகுகின்றது என்று தார் பூசுவோர் பலர். மழையே பெய்யாத இரவில் அந்நீர் எங்கிருந்து வந்தது? அடுப்பின் ஆவியும், உறங்குவோர் மூச்சும், பரணில் குவித்த விதைக் கிழங்கின் மூச்சுமே அது. கிழங்கும் உயிருள்ளது, ஓயாது சுவாசித்து ஈரத்தை வெளிவிடும். வானம் தெளிந்த இரவில் தகரம் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துவிடுமாதலால், ஈரக்காற்று அதிற் பட்டதும் நீராகின்றது. அந்நீர் விழுந்த சாக்கில் கிழங்கு அழுகும். விதை போனால் அடுத்த போகத்திற்குக் கடன்பட நேரும்.

குளிருக்கு அஞ்சி இறவாண இடைவெளிகளைச் சாக்கினால் அடைப்பது பெருந்தவறு. அடைக்க வேண்டியவை அறைக்கும் பரணுக்கும் இடையிலுள்ள பலகைச் சந்துகளே. கொழுந்து வாட்டும் தொழிற்சாலை மேல்மாடியில் வரிசையாகச் சன்னல்கள் இருப்பதை அறிவீர்களன்றோ? ஈரம் வெளியேறவே அவை. 150 சதுர அடிப் பரணுக்கு 1 சதுர அடித் திறப்பு வேண்டும். பாதி இறவாணத்தில், பாதி முகட்டருகில். எலி புகாவண்ணம் கம்பிவலை அடியுங்கள். வலை காற்றைச் சிறிது தடுக்குமாதலால் திறப்பைச் சற்றுப் பெரிதாக்குங்கள். ஹற்றன் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை சாய்ந்தடிக்கும். அங்கே முகட்டுத் திறப்பிற்கு மூடி இன்றியமையாதது. அடுப்புப் புகைக்குழாயைப் பரணில் முடிக்காது கூரைக்கு வெளியே கொண்டுசெல்லுங்கள்.

கிழங்கைச் சாக்கில் கட்டாது, தட்டுகளில் இரண்டு மூன்று அடுக்காகப் பரப்பி, நேர்வெயில் படாத மங்கிய வெளிச்சத்தில் வையுங்கள். முளை குட்டையாய், பச்சையாய், தடித்து வரும். உண்ணும் கிழங்கை மட்டும் அங்கே வைக்க வேண்டாம். பச்சை பிடித்தால் நஞ்சாகும்.