பனி மூடிய வாகனமும் கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயுவும்

இரவு முழுவதும் பனி கொட்டிய காலைகளில் ஸ்காபுறோவிலும் மார்க்கத்திலும் எம்மவர் பலர் செய்வது ஒன்றுதான். காரை ஸ்ராட் செய்து, ஹீற்றரைப் போட்டு, குளிருக்குப் பிள்ளைகளை உள்ளே இருத்திவிட்டுப் பனியைத் தட்டத் தொடங்குகிறோம். அக்கறையோடு செய்யும் இதுவே அவர்களுக்கு ஆபத்தாகலாம்.

2016 ஜனவரியில், அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் பசேயிக் நகரில், வெளியே ஒருவர் பனி அள்ள, இளந்தாய் ஒருவரும் இரு பிள்ளைகளும் இயங்கும் காருக்குள் இருந்தனர். சைலன்சர் குழாயைப் பனி அடைத்திருந்தது. தாயும் ஒரு வயது மகனும் இறந்தனர். மூன்று வயது மகளும் சில நாட்களில் இறந்தாள்.

காரணம் என்ன?

குழாய் அடைபட்டால் புகையிலுள்ள காபன் மொனொக்சைட் வாயு காருக்குள் கசியும். இதற்கு நிறமோ மணமோ இல்லை. இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தை இது பிடித்துக்கொள்கிறது. தலையிடி, தலைச்சுற்று, வாந்தி, சோர்வு என்பன அறிகுறிகள். சிறுபிள்ளை தூங்குவதாகவே நாம் எண்ணிவிடுவோம்.

செய்ய வேண்டிய ஒழுங்கு:

1. முதலில் சைலன்சர் குழாயையும் அதைச் சுற்றியுள்ள பனியையும் அகற்றுங்கள். அதன் பின்பே எஞ்சினை இயக்குங்கள். வீட்டுக்குள் இருந்தபடி றிமோட் ஸ்ராட்டரை அழுத்துபவர்களுக்கும் இதே விதிதான்.

2. பனியைத் தட்டி முடியும்வரை பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். கதவு திறந்திருந்தாலும் கராஜுக்குள் காரை இயங்கவிட வேண்டாம்.

3. கூரையைத் துப்புரவாக்கிய பின் கண்ணாடிகளுக்கு வாருங்கள். கூரையில் விட்ட பனி, பிறேக் பிடிக்கும்போது முன்கண்ணாடியில் சரிந்து பார்வையை மறைக்கும்.

4. எல்லாக் கண்ணாடிகள், விளக்குகள், இலக்கத் தகடு ஆகியவற்றைத் துடையுங்கள். சிறு ஓட்டை வழியே பார்த்து ஓட்டுவது ஒன்ராறியோவில் சட்டப்படியும் குற்றம்.

5. உறைந்த கண்ணாடியில் சுடுநீர் ஊற்றாதீர்கள், வெடித்துவிடும்.

இருதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பாரமான பனியை அள்ளாமல் இளையவர்களிடம் விடுங்கள். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இருதயத்தின் வேலை கூடும். நெஞ்சு நோவோ மூச்சு முட்டலோ வந்தால் உடனே 911ஐ அழையுங்கள்.

காருக்குள் இருப்பவருக்குத் தலையிடியோ மயக்கமோ வந்தால் உடனே வெளியே சுத்தமான காற்றுக்குக் கொண்டுவந்து, 911ஐ அழையுங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்படும் காலையில்தான் இது மறந்துபோகும். பத்து நிமிடம் முந்தி எழும்புங்கள். முதலில் காரின் பின்பக்கம் போங்கள்.