பாட்டியைக் காலை அசைக்கச் சொல்

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. பாட்டிக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அண்ணன் போனில் சொன்னார். ஸ்டான்லியில் நீதான் துணைக்கு இருக்கிறாயாம். பாட்டி இன்னும் அதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றுதானே சொல்லுவாள்? முப்பது வருஷம் வார்டில் வேலை பார்த்தவள் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன், கேள்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் பாசத்தோடு, "அசையாமல் படுத்திருங்கள்" என்பார்கள். அந்தப் பாசம்தான் ஆபத்து.

எண்ணூர் முகத்துவாரத்தைப் பார்த்திருக்கிறாய். நீரோட்டம் இருக்கும்வரை வாய் திறந்திருக்கும். ஓட்டம் குறைந்தால் மணல் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். காலிலும் அப்படித்தான். நடக்கும்போது கெண்டைக்கால் சதை இறுகித் தளர்ந்து, ரத்தத்தை மேலே தள்ளுகிறது. படுத்தே கிடந்தால் அந்த ஓட்டம் மந்தமாகிறது. ஆபரேஷனில் ரத்தக் குழாய்க்குக் காயம் படுகிறது. ரத்தமும் சீக்கிரம் உறையத் தயாராகிவிடுகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் உள்ளே ரத்தம் உறைந்து கட்டியாகும். அடிபட்ட இடம் கன்றிப்போவதை நம் பக்கம் ரத்தக்கட்டு என்போமே, அது வேறு, இது வேறு. இந்தக் கட்டி பிய்ந்து நுரையீரலை அடைத்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம்.

அதைத் தடுக்கத்தான் வயிற்றில் அந்தச் சின்ன ஊசி. இந்தியாவில் பிறந்து லண்டனில் பணியாற்றிய அறுவை நிபுணர் விஜய் கக்கர், பல நாடுகளில் 4,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஓர் ஆய்வை முன்னின்று நடத்தினார். 1975-இல் அதன் முடிவு வெளியானது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி பெறாதவர்களில் 16 பேர் நுரையீரல் அடைப்பால் இறந்திருந்தார்கள். குறைந்த அளவில் அதைப் பெற்றவர்களில் 2 பேர்தான். ஆகவே ஊசி வேளை தவறினால் நர்ஸிடம் நினைவுபடுத்து. போட்ட இடத்தைத் தேய்க்காதே, நீலம் பாரிக்கும். ஈறிலோ சிறுநீரிலோ மலத்திலோ ரத்தம் தெரிந்தால் உடனே சொல்.

சிலருக்கு இறுக்கமான காலுறையோ, காற்று நிரம்பிக் காலை அமுக்கி விடுவிக்கும் கருவியோ மாட்டுவார்கள். அந்தக் கருவி, ஓய்ந்திருக்கும் கெண்டைக்கால் சதையின் வேலையைச் செய்கிறது. கழற்றி ஓரமாக வைத்தால் பயனில்லை. காலுறையைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிடு. மேல் விளிம்பு சுருண்டால் கயிறு கட்டியது போல இறுக்கிவிடும். பாட்டிக்குச் சர்க்கரை இருக்கிறது. பாதத்துக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று டாக்டர் பார்த்த பிறகே காலுறை போட வேண்டும். தினமும் கழற்றி, குதிகால் சிவந்திருக்கிறதா என்று பார்.

இன்னொன்று முக்கியம். என் பணிக்காலத்தில் ஒரு கால் மட்டும் வீங்கிய அம்மாளுக்கு, அவர் மகள் எண்ணெய் தேய்த்து உருவிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தடுத்தேன். ஸ்கேனில் தொடை வரை ரத்தம் உறைந்திருந்தது. ஒரு கால் வீங்கி வலித்தால் உருவவே கூடாது. கட்டி பிய்ந்து மேலே போகலாம். திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ டாக்டரைக் கூப்பிட ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதே.

வீட்டுக்கு வந்ததும் ஆபத்து முடிந்துவிடாது. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாதம் வரைகூட ஊசியோ மாத்திரையோ தொடரச் சொல்வார்கள். வலி போய்விட்டதென்று பாட்டி நிறுத்திவிடாமல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாளை டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது, "பாட்டிக்கு ரத்தம் உறையாமல் இருக்க என்ன கொடுக்கிறீர்கள்? எப்போது நடக்கவிடலாம்?" என்று தயங்காமல் கேள். கேட்பது உன் உரிமை. அதுவரை, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பாதத்தை மேலும் கீழும் பத்து முறை அசைக்கச் சொல். வலிக்கிறது என்று பாட்டி முகம் சுளித்தாலும் விடாதே.

அன்புடன்,
அத்தை
திருவொற்றியூர்