கிளைமாக்ஸுக்கு நாள் மிச்சம் வையுங்கள்

கன்னியாகுமரி பக்கத்து வட்டக்கோட்டையை வைத்து வீடியோ கேம் செய்யக் கிளம்பியிருக்கும் பிள்ளைகளுக்கு, வயதில் மூத்தவனாகச் சில சொல்ல இருக்கிறது.

1. முதலில் ‘ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்’ கேமை முழுதாக விளையாடிவிட்டு வாருங்கள். புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் செய்தது. 2020 ஆகஸ்டில் நின்டெண்டோ ஸ்விட்சிலும், அக்டோபரில் கணினியிலும் வந்தது. தம்பி கோலுவை அசுரர்கள் தூக்கிப்போக, அக்கா ராஜி தேடிப் புறப்படுகிறாள். துர்க்கையும் விஷ்ணுவும் கதை சொல்கிறார்கள். ராஜஸ்தான் கோட்டைகளின் சாயலில் எழுந்த மாடங்கள், கண்ணை விட்டு அகலாத வண்ணங்கள். கதைக் காட்சிகள் நிழல்பாவைகளாக ஆடுகின்றன. நாகர்கோவில் பக்கம் தோல்பாவைக்கூத்து பார்த்து வளர்ந்த எனக்கு அதைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. அப்படிப்பட்ட கேம், மகாபலாசுரனோடு சண்டை முடிந்த சூட்டிலேயே சட்டென்று நின்றுவிடுகிறது. அக்கா தம்பி கதைக்கு ஒரு கரை கிடைப்பதில்லை. விமர்சகர்கள் பலரும் இதைத்தான் குறையாகச் சொன்னார்கள். எனக்கும் ஆறவில்லை.

2. செய்தவர்களை ஏசாதீர்கள். 2017இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் அவர்கள் கேட்ட பணம் சேரவில்லை. நிறுவனர்களில் ஒருவர் சொந்த வீட்டை விற்றுத்தான் வேலையைத் தொடர முடிந்தது. கையில் காசு நிறைய உள்ளவர்களும் இதே இடத்தில்தான் சறுக்கியிருக்கிறார்கள். 2004இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் 2’ அவசரத்தில் வெளியாகி, கடைசிப் பகுதி அரைகுறையாகக் கிடந்தது, வெட்டி எறிந்த காட்சிகளை ரசிகர்களே பல வருஷம் உழைத்துச் சேர்த்தார்கள். ‘மாஸ் எஃபெக்ட் 3’ 2012 மார்ச்சில் வந்து, முடிவுக்காக வசை வாங்கி, ஜூனில் நீட்டித்த முடிவை இலவசமாகத் தர வேண்டிவந்தது. பணமும் நாளும் தீர்கிற நேரத்தில் மேசைமேல் மிச்சம் இருப்பது முடிவு மட்டும்தான். அதுதான் நோய்.

3. ஆகவே முதல் லெவல் முடிந்த கையோடு கடைசி லெவலைச் செய்துவிடுங்கள். சாம்பல் நிறப் பெட்டிகளாக இருந்தாலும் போதும், விளையாடக்கூடியதாக இருக்கட்டும். பிறகு நாள் போதாவிட்டால் நடுவிலிருந்து ஒரு லெவலைத் தூக்குங்கள். நடுவில் ஒன்று குறைந்தால் யாருக்கும் தெரியாது, மக்கா. கடைசியில் குறைந்தால் எல்லோருக்கும் தெரியும்.

4. அசுரன் விழுந்த நொடியில் பெயர்ப் பட்டியலை ஓடவிடாதீர்கள். நம் தோல்பாவைக்கூத்தில் ராவணன் விழுந்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் போவார்களா? ராமருக்குப் பட்டாபிஷேகம் ஆக வேண்டும். ஊரார் அதைப் பார்த்த பிறகுதான் எழுந்திருப்பார்கள். ஜெயித்தவனுக்கும் அந்த நேரம் வேண்டும்; தம்பியைக் கண்ட அக்கா என்ன பேசுகிறாள் என்று கேட்கத்தானே அவன் இத்தனை நேரம் விளையாடினான்!

இதற்கு வட்டக்கோட்டையே இடம் தருகிறது. திருவிதாங்கூர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், படைத்தளபதி டிலனாய் பலப்படுத்திய கருங்கல் மதில் அது. உள்முற்றத்தில் நின்றால் கடலைச் சுவர் மறைக்கும், இரைச்சல் மட்டும் கேட்கும். மதில்மேல் ஏறியதும் ஒரு பக்கம் முழுக் கடல், திரும்பினால் மேற்குத் தொடர்ச்சி மலை. சண்டையை முற்றத்தில் வையுங்கள். ஜெயித்தவனை மெதுவாக மேலே ஏறவிடுங்கள். அங்கே பொத்தான் எதையும் அழுத்தச் சொல்லாதீர்கள், அவன் இஷ்டப்பட்ட மட்டும் நிற்கட்டும்.

5. ‘பாதிப் பேர் முடிவுவரை வருவதே இல்லை, அதற்கு ஏன் செலவு’ என்று சொல்லுவார்கள். கேட்காதீர்கள். வந்து சேர்கிறவன்தான் உங்கள் கேமை நாலு பேரிடம் சொல்லப் போகிறவன்.

6. அடுத்த பாகம் வரும் என்று நம்பிக் கதையைத் தொங்கவிடாதீர்கள். வரலாம், வராமலும் போகலாம்.

7. சோதித்துப் பார்க்கும்போது எல்லோரும் முதல் லெவலையே நூறு தடவை ஆடுகிறார்கள். களைத்துப்போய்க் கடைசிக்கு வருகிறவன் கண்ணால் அதைப் பார்க்க ஆள் இல்லை. ஆரம்பத்திலிருந்து ஒரே மூச்சில் ஆடி முடிக்கச் சிலரை உட்கார வையுங்கள். முடிந்ததும், ‘இவ்வளவுதானா?’ என்று அவர்கள் கேட்டால் வேலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். வெளியிடும் தேதியை அறிவித்துவிட்டோமே என்று தயங்க வேண்டாம். தள்ளிப் போடுங்கள்.