கூடிப் படித்தால் கூடும் உலகம்

உலகம் ஒன்றாக வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதை எங்கே தொடங்குவது என்பதுதான் கேள்வி. அய்யா வைகுண்டர் அதை ஒரு கிணற்றடியிலும், ஒரு பந்தியிலும், ஒரு படிப்பிலும் தொடங்கி வைத்தார். அந்த மூன்றையும் இந்தப் பாடத்தில் சிந்திப்போம்.

1. கிணறும் பந்தியும்

அய்யா வாழ்ந்த காலத்துத் திருவிதாங்கூரில் ஒரு சாதியார் நீர் எடுக்கும் கிணற்றில் இன்னொரு சாதியார் வாளி இறக்க முடியாது. எளிய மக்கள் தலைப்பாகை கட்டினால் அது குற்றம். அந்த நாளில் சாமிதோப்பில் முத்திரிக்கிணறு தோண்டி, பதினெண் சாதியாரும் ஒரே நீரில் குளிக்கவும் குடிக்கவும் வைத்தார் அய்யா. வாகைப்பதியில் நடந்த துவையல் தவசில் எழுநூறு குடும்பத்தார் சேர்ந்து துவைத்து, சேர்ந்து உண்டு, சேர்ந்து நாராயணரை நினைத்தார்கள். இன்று ஆண்கள் தலைப்பாகையோடு பணிவிடைக்கு நிற்பதும், எல்லோரும் ஒரே வரிசையில் அமர்ந்து தர்மச் சோறு உண்பதும் அந்த வழி வந்தவையே.

2. ஒருவர் சொல்ல, எல்லோரும் சொல்ல

உகப்படிப்பை ஒருவர் சொல்ல, மற்றவர்கள் திரும்பச் சொல்கிறோம். ஏடு படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலராக இருந்த காலத்தில், எழுத்தறியாத தாய்மாரும் இந்த முறையால் வழிபாட்டில் முழுப் பங்கு பெற்றார்கள். இன்றும் பதிக்கு முதன்முதலாக வரும் ஒருவர், காதால் கேட்டு வாயால் சொல்லி அன்றைக்கே சேர்ந்துகொள்ளலாம்.

கூட்டுப் படிப்பு இன்னொன்றையும் கற்றுத் தருகிறது. இளைஞன் முந்தி ஓட முடியாது. மூச்சு வாங்கும் பாட்டி சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். குரல் வளம் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே வேகத்தில் செல்ல வேண்டும். பொறுமையும் தாழ்மையும் இப்படித்தான் பழக்கமாகின்றன.

1841-ல் அரிகோபாலன் சீடர் வழியாக ஏட்டில் வந்த அகிலத்திரட்டு, ஓர் ஊரின் கதையையோ ஒரு குலத்தின் கதையையோ மட்டும் சொல்லவில்லை. எட்டு யுகங்களின் கதையாக, உலகம் தோன்றியது முதல் தர்மயுகம் வரை சொல்கிறது. 1939-ல் அச்சேறும்வரை ஏட்டிலிருந்து படிக்கக் கேட்டே மக்கள் அதை அறிந்தார்கள். அச்சில் வந்த பிறகும் கார்த்திகையில் 17 நாள் திருஏடு வாசிப்பு நிற்கவில்லை. தனியே படித்தால் அறிவு வரும். கூடியிருந்து கேட்டால் உறவும் வரும்.

3. மாசி 20

அய்யாவின் அவதார தினத்தன்று நாகர்கோவிலிலிருந்து சாமிதோப்புக்கு அகிலத்திரட்டைச் சுமந்து ஊர்வலம் செல்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வருகிறவர்கள் ஒரே நாமத்தைச் சொல்லி நடக்கிறார்கள். அந்தச் சாலையில் பக்கத்தில் நடப்பவர் எந்த ஊர், என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு நாள் மனம் ஆண்டு முழுவதும் நிலைத்தால் அதுவே தர்மயுகத்தின் வாசல்.

4. நாம் கவனிக்க வேண்டியவை

கலி வெளியே மட்டும் இல்லை; மனத்திலும் குடியிருக்கிறது. ‘எங்கள் குடும்பத்துத் திருநாள்’, ‘முதல் மரியாதை எங்களுக்கு’ என்ற பேச்சு எழும்போது அது திருவிழாவுக்குள்ளும் நுழைந்துவிடும். ஒலிபெருக்கியில் பதிவை ஓடவிட்டு எல்லோரும் வாய்மூடி நின்றால், கூட்டம் இருக்கும். கூட்டுப் படிப்பு இருக்காது. வேலைக்காக வெளி மாநிலத்திலிருந்து நம் ஊருக்கு வந்தவர் தாங்கல் வாசலில் தயங்கி நிற்க, நாம் உள்ளே உலக ஒற்றுமை பேசினால் அது யாருக்குப் பயன்? அவரை அழைத்து, திருநாமம் இட்டு, பந்தியில் நம் பக்கத்தில் அமர வைப்பதே முதல் பணிவிடை. நம் பிள்ளைகளும் பிழைப்புக்காக வெளியூர்களில் யாரோ ஒருவர் வாசலில்தான் நிற்கிறார்கள்.

சிந்தனைக்கு

• நம் தாங்கலில் உகப்படிப்பைச் சேர்ந்து சொல்லும் குழந்தைகள் எத்தனை பேர்?
• சென்ற திருநாளில் புதிதாக ஒருவரையாவது அழைத்தோமா?
• பேச்சு நின்றுபோன உறவினரோடு ஒரே பந்தியில் அமர நமக்கு மனம் உண்டா?

பள்ளியறைக் கண்ணாடி தன் முன் நிற்பவர் யாரானாலும் காட்டுகிறது. நம் குரலும் நம் பந்தியும் அப்படியே இருக்கட்டும்.

அய்யா உண்டு.