கடமையிற் பிறந்த சொல்

சேலம் நகராட்சி 1866-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்றது. மக்கள் அதனை நெடுங்காலம் ‘முனிசிபாலிட்டி’ என்றே வழங்கினர். இச்சொல்லும், சமுதாயத்தைக் குறிக்கும் ‘கம்யூனிட்டி’ என்னும் ஆங்கிலச் சொல்லும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் ‘மூனுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லோடு உறவுடையன.

மூனுஸ் என்பது ஒருவன் பிறர்க்கு ஆற்றக் கடமைப்பட்ட பணியைக் குறிக்கும்; கொடையையும் குறிக்கும். உரோமானிய நகரங்களிற் சாலை அமைத்தல், மதிலைப் பழுது பார்த்தல் முதலிய பொறுப்புகள் குடிகளைச் சார்ந்திருந்தன. ‘கூட’ என்னும் பொருளுடைய முன்னொட்டைப் பெற்று ‘கொம்மூனிஸ்’ என்ற சொல் எழுந்தது. பலர் கூடித் தாங்குவது, ஆதலாற் பலர்க்கும் பொதுவானது என்பது அதன் கருத்து. அதினின்றே கம்யூனிட்டி பிறந்தது. பொதுக் கடமையினின்று விலக்குப் பெற்றவனோ ‘இம்மூனிஸ்’ எனப்பட்டான். நோய் அணுகாத ஆற்றலை மருத்துவர் ‘இம்யூனிட்டி’ என்பது இவ்வழி வந்ததே.

சமுதாயம் என்னும் வடசொல் கூட்டம், தொகுதி என்னும் பொருளையே தரும். கடமை அதனுள் இல்லை. அதனை நம் நாட்டில் வேறொரு சொல்லில் தேடல் வேண்டும். அது ‘குடிமராமத்து’ என்பது. சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு சேலம், நாமக்கல் சமவெளிகளின் வழியே ஓடிக் காவிரியிற் கலக்கிறது. மழை குறைந்த இச்சமவெளியில் உழவர் ஏரியையும் கிணற்றையும் நம்பி வாழ்ந்தனர். வாய்க்காலைத் தூர் வாருதலும் கரையைக் காத்தலும் ஊரார் கடனாயின. 1858-ஆம் ஆண்டிற் சென்னை மாகாணத்தில் இதன்பொருட்டுச் சட்டமே இயற்றப்பட்டது.

ஆயினும், கரைக்கு மண் சுமந்தோர் அனைவரும் ஊர்க்கிணற்றில் நீர் முகக்க விடப்பட்டிலர். சுமை பொதுவாயிற்று, நீர் பொதுவாகவில்லை. கம்யூனிட்டி என்னும் சொல்லும் இந்நாட்டிற்கு வந்தபின் சாதி என்னும் அளவிற்குக் குறுகியது. இன்றும் சாதிச் சான்றிதழுக்கு ஆங்கிலத்தில் அப்பெயரே வழங்குகிறது. கூடித் தாங்குதலைக் குறித்த சொல், பிரிந்து நிற்றலைக் குறிக்கலாயிற்று!

இராசகோபாலாச்சாரியார் 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக விளங்கினார். தாழ்த்தப்பட்டோருள் ஒருவர் அந்நகராட்சியில் முதன்முறை உறுப்பினரானது அக்காலத்தேதான். பின்னர் 1925-இல் அவர் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அதற்கு நிலம் தந்தவர் அவ்வூர் நிலக்கிழாரான இரத்தினசபாபதிக் கவுண்டர். ஆசிரமத்தில் தீண்டாமை பாராட்டப்படவில்லை. சுற்றுப்புற ஊர்களில் வறட்சியால் வாடிய பெண்டிர் ஆசிரமம் தந்த பஞ்சை நூற்றுக் கூலி பெற்றனர்.